"புரபேஷனில் விட்டுவிட்டார்கள்" என்றால் என்ன அர்த்தம்?

"கேஸ் முடிஞ்சிடுச்சு, புரபேஷன்ல விட்டுட்டாங்க" என்று ஒருவர் சொன்னால், கேட்கிறவர்கள் ஆளுக்கு ஒன்றாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருவர், "அப்போ நிரபராதின்னு தீர்ப்பு வந்துடுச்சா?" என்கிறார். அடுத்தவர், "பரோல்தானே?" என்கிறார். இன்னொருவர், "தினமும் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடணுமே, பாவம்" என்று உச்சுக்கொட்டுகிறார். மூன்றுமே தவறு.

இதைப் பொது அறிவுக் குறைபாடு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் புரபேஷனில் வந்தவரும் அவர் வீட்டாருமே இப்படித் தவறாகப் புரிந்துகொண்டால் நிலைமை வேறு. வழக்கு முடிந்துவிட்டது என்று நம்பி வீட்டைக் காலிசெய்துகொண்டு போவார்கள். ஆறு மாதம் கழித்துப் பழைய முகவரிக்கு சம்மன் வரும். அதனால் இந்தியச் சட்டத்தில் புரபேஷன் என்றால் என்ன, அதில் இருப்பவர் எதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

பெயரே பாதிக் குழப்பம்

புரபேஷனுக்குத் தமிழில் "நன்னடத்தை" என்ற சொல்தான் புழங்குகிறது. சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. செய்தித்தாளில் வரும் மூன்று வெவ்வேறு விஷயங்களுக்கு இதே சொல்தான்.

"நன்னடத்தைப் பிணையை மீறிய ரவுடிக்குச் சிறை" என்று படித்திருப்பீர்கள். அது இனிமேல் குற்றம் எதுவும் நடக்காமல் இருக்க, கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் முன்கூட்டியே எழுதி வாங்கும் பிணை. அதற்கு ஒரு வழக்கில் குற்றம் நிரூபணமாகியிருக்க வேண்டும் என்பதில்லை. "நன்னடத்தை காரணமாகக் கைதிகள் விடுதலை" என்பது இன்னொன்று. பல ஆண்டுகள் சிறையில் இருந்தவர்களை அரசு முன்கூட்டியே விடுவிப்பது அது. மூன்றாவதுதான் நம்முடைய புரபேஷன். குற்றம் நிரூபணமான பிறகு, தண்டனை எதுவும் விதிக்காமல், நிபந்தனையோடு நீதிமன்றம் வெளியே விடுவது.

பரோல் என்பது சிறையில் இருக்கும் கைதி சில நாள் வீட்டுக்கு வந்துபோக அரசு தரும் விடுப்பு. ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுவது "கண்டிஷன் பெயில்". வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது, தீர்ப்புக்கு முன்னால் வருவது. புரபேஷன் தீர்ப்புக்குப் பின்னால் வருவது. வேலையில் சேர்ந்ததும் "புரபேஷன் பீரியட்" என்கிறார்களே, அதற்கும் இதற்கும் ஒரே ஒற்றுமைதான்: இரண்டிலும் ஒருவரைச் சில காலம் பார்த்துவிட்டு முடிவு செய்கிறார்கள்.

மேசை டிராயரில் டி.சி.

ஒரு பள்ளிக்கூடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் சண்டையில் இன்னொருவன் மண்டையை உடைத்துவிட்டான். தலைமையாசிரியர் விசாரித்துவிட்டார், தப்பு அவன்மேல்தான். டி.சி. கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் இதுதான் முதல் தடவை, வீட்டு நிலைமையும் அவருக்குத் தெரியும். "அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா" என்கிறார். பையனும் எழுதிக் கொடுக்கிறான், அப்பாவும் கையெழுத்துப் போடுகிறார். வகுப்பாசிரியரிடம், "இவனைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒப்படைக்கிறார். "இந்த வருஷம் முழுக்க ஒழுங்காக இருந்தால் விஷயம் இதோடு சரி. இல்லையென்றால் கூப்பிடுவேன். உனக்கு என்ன தண்டனை என்பதை அன்றைக்குச் சொல்கிறேன்."

புரபேஷன் ஏறக்குறைய இதுதான். தலைமையாசிரியர் இடத்தில் நீதிபதி. எழுதிக் கொடுத்த கடிதத்துக்குச் சட்டத்தில் பெயர் பிணைப்பத்திரம்: இத்தனை காலம் அமைதியாகவும் ஒழுங்காகவும் இருப்பேன், கூப்பிட்டால் வந்து தண்டனையை ஏற்பேன் என்ற உறுதிமொழி. கையெழுத்துப் போட்ட அப்பா ஜாமீன்தாரர். வகுப்பாசிரியர்தான் நன்னடத்தை அலுவலர்: நீதிமன்றத்தின் சார்பில் பார்த்துக்கொள்ளவும் உதவவும் தகவல் சொல்லவும் இருப்பவர்.

உவமை ஓரிடத்தில் உடையும். தலைமையாசிரியருக்குக் கோபம் தணிந்து இரண்டு மாதத்தில் மறந்துபோகலாம். நீதிமன்றக் கோப்பு மறக்காது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: புரபேஷனில் வந்தவர் குற்றவாளி என்று தீர்ப்பாகிவிட்டது. தண்டனை மட்டும் சொல்லப்படவில்லை, நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. நிபந்தனைகளை மீறாதவரை அது டிராயரிலேயே இருக்கும்.

1958ஆம் ஆண்டுச் சட்டம்

இந்த யோசனைக்கு மூல ஆள் என்று சொல்லப்படுபவர் ஜான் அகஸ்டஸ் என்ற அமெரிக்கர். வக்கீலோ நீதிபதியோ அல்ல, செருப்புத் தைக்கிறவர். 1841இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் ஒரு குடிகாரருக்காகப் பொறுப்பேற்று வெளியே கூட்டிவந்தார். அப்புறம் அதையே வேலையாகச் செய்தார். நம் ஊரில் 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே இதற்கு ஒரு சிறு இடம் இருந்தது. சென்னை மாகாணம் 1936இல் தனக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தது. இந்தியா முழுமைக்குமானது குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958. இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான்.

அந்தச் சட்டத்தில் வெளியே வர இரண்டு வழிகள். முதலாவது 3ஆம் பிரிவு: எச்சரித்து அனுப்புவது. முன்பு தண்டனை பெறாதவர், சில வகைத் திருட்டு, மோசடி, அல்லது அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை விதிக்கக்கூடிய குற்றம் செய்திருந்தால் நீதிபதி கண்டித்துவிட்டு அனுப்பிவிடலாம். பத்திரம் இல்லை, கண்காணிப்பு இல்லை, வீட்டுக்குப் போகலாம்.

இரண்டாவது 4ஆம் பிரிவு. பொதுவாகப் புரபேஷன் என்று சொல்வது இதைத்தான். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால் நீதிமன்றம் இதைப் பரிசீலிக்கலாம். பத்திரத்தின் காலம் மூன்று ஆண்டுகளைத் தாண்டக் கூடாது. தேவைப்பட்டால் அதோடு மேற்பார்வை உத்தரவும் போடலாம், அதாவது இன்ன நன்னடத்தை அலுவலரின் பார்வையில் இருக்க வேண்டும் என்ற ஆணை. அப்படிப் போட்டால் மேற்பார்வைக் காலம் ஓர் ஆண்டுக்குக் குறையக் கூடாது.

எல்லாக் குற்றத்துக்கும் இது கிடையாது. பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு எதிரான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தண்டிக்கப்பட்ட 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு இந்த வாய்ப்பு இல்லை. போதைப்பொருள் சட்டத்திலும் சில விதிவிலக்குகள் தவிர இல்லை. எதிர்ப்பக்கத்தில், 21 வயது நிரம்பாதவர் என்றால் சட்டமே நீதிபதியைத் தடுத்து நிறுத்துகிறது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றமாக இல்லாதவரை, ஏன் புரபேஷன் பொருந்தாது என்று காரணம் எழுதிவைத்த பிறகுதான் அவரைச் சிறைக்கு அனுப்ப முடியும்.

முடிவெடுக்கும் முன் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை தரலாம். குடும்பம், வேலை, பழக்கவழக்கம் எல்லாம் கேட்பார். அக்கம்பக்கத்திலும் கேட்பார். யூனிஃபார்ம் இல்லாமல் வருவதால் "யார் இவர், மஃப்டி போலீஸா?" என்று கதவைச் சாத்துகிறவர்கள் உண்டு. அவர் போலீஸ் இல்லை. வேலை இல்லாதவருக்கு வேலை தேடித்தர முயல்வதும் இழப்பீடு கட்ட வழிகாட்டுவதும்கூட சட்டப்படி அவருடைய கடமைகள். அவர் தரும் அறிக்கை ரகசியமானது, ஊருக்கு வாசித்துக் காட்டப்படாது.

பத்திரத்தில் என்னதான் இருக்கும்?

ஒவ்வொருவருக்கும் நிபந்தனை வேறுபடும். அதனால் பக்கத்து வீட்டு அண்ணனின் அனுபவம் உங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். "எனக்கெல்லாம் யாரும் வரவே இல்லையே" என்று அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அவருக்கு மேற்பார்வை உத்தரவே இல்லாமல் வெறும் பத்திரத்தோடு விட்டிருப்பார்கள்.

பொதுவாக வருபவை இவை: வேறு குற்றம் செய்யாமல் இருப்பது, சொன்ன முகவரியில் வசிப்பது, குடி, போதைப் பொருள் தொடாமல் இருப்பது, நேர்மையாகப் பிழைப்பது, அலுவலர் சொல்லும் நாளில் போய்ப் பார்ப்பது, அவர் சொல்லும் அறிவுரைப்படி நடப்பது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு, வழக்குச் செலவு கட்டச் சொல்லியும் உத்தரவு வரலாம்.

மேற்பார்வை உத்தரவு போடும் நீதிமன்றம் நிபந்தனைகளை விளக்கிச் சொல்ல வேண்டும். உத்தரவின் நகல் ஒன்று உங்களுக்கு, ஒன்று ஒவ்வொரு ஜாமீன்தாரருக்கும், ஒன்று அலுவலருக்கும் தரப்பட வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தாளை வாங்காமல் நீதிமன்ற வளாகத்தை விட்டு வெளியே வராதீர்கள். புரியவில்லை என்றால் வக்கீலை வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம், 15100 என்ற எண்ணும் அதற்குத்தான்.

சொல்லாமல் போன முத்து

முத்து என்று ஒருவனை வைத்துக்கொள்வோம். வயது 23, ஊர் திண்டுக்கல் பக்கம். அடிதடி வழக்கில் குற்றம் நிரூபணமாகி, இரண்டு ஆண்டு புரபேஷனில் வந்திருக்கிறான். தாய்மாமன் ஜாமீன்தாரர். மேற்பார்வை உத்தரவும் உண்டு.

ஆறாவது மாதம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை கிடைக்கிறது. மறுநாளே பஸ் ஏறிவிடுகிறான். நல்ல விஷயம்தானே! குடிக்கவில்லை, வம்புக்குப் போகவில்லை, உழைக்கப் போயிருக்கிறான். சட்டம் அவனிடம் எதிர்பார்ப்பதே இதைத்தான்.

இந்தப் பக்கம் அலுவலர் வீட்டுக்கு வருகிறார். பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில், "பத்து நாளாக் காணோம் சார், எங்கே போனான்னு தெரியலை" என்கிறார்கள். அலுவலரின் நோட்டில் ஏறுவது "திருப்பூரில் வேலைக்குப் போயிருக்கிறான்" என்பதல்ல. "முகவரியில் இல்லை" என்பதுதான். அந்த வரி நீதிமன்றத்துக்குப் போகிறது. சம்மன் வருகிறது, வாங்க ஆளில்லை. சம்மனோடு நிற்க வேண்டும் என்றுகூட இல்லை, நீதிமன்றம் நேராக வாரண்டே போடலாம். மாமாவுக்கும் ஓலை வரும்.

முத்து செய்த செயல் தவறில்லை, சொல்லாமல் செய்ததுதான் தவறு. புரபேஷனில் தடுக்கி விழுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் புதுக் குற்றத்தைத்தான் நினைக்கிறார்கள். மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாதவனும் தகவல் தராமல் மாட்டிக்கொள்ளலாம் என்பதை யாரும் யோசிப்பதில்லை.

மூன்று வகைச் சொல்லல்

"சொல்லிட்டேனே சார்" என்பதிலும் வகை இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சில விஷயங்களைத் தெரிவித்தால் போதும். போன் நம்பர் மாறியது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், அதே ஊரில் வேறு கடையில் வேலைக்குச் சேர்ந்தது போன்றவை. உடனே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சிலவற்றுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். வீடு மாறுவது, மாவட்டம் தாண்டிப் போய்த் தங்குவது போன்றவற்றுக்கு உத்தரவில் அப்படி எழுதியிருந்தால், போய்விட்டுச் சொல்வது தகவல்தான், அனுமதி ஆகாது. கோயில் திருவிழாவுக்கு இரண்டு நாள் போய்வருவதற்கும் கேட்க வேண்டுமா என்றால், உத்தரவைப் பாருங்கள். அதில் தெளிவாக இல்லையென்றால் கேட்டுவிடுவதே நல்லது. கேட்டதற்காக யாரையும் உள்ளே போட்டதில்லை.

மூன்றாவது வகை, நீதிமன்றம் மட்டுமே மாற்றக்கூடியவை. பத்திரத்தின் காலம், நிபந்தனைகள் ஆகியவை. "அலுவலர் சார் சரின்னு சொல்லிட்டாரு" என்பது இங்கே செல்லாது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் நீதிபதி எழுதியதை அவர் வாயால் அழிக்க முடியாது. அவர் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம், நீதிமன்றம் உங்களையும் ஜாமீன்தாரரையும் கேட்டுவிட்டு நிபந்தனையை மாற்றலாம், காலத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இது 8ஆம் பிரிவு. கூட்டினாலும் முதல் உத்தரவு நாளிலிருந்து மூன்று ஆண்டைத் தாண்டாது. நடத்தை நன்றாக இருந்து இனிமேல் கண்காணிப்பு தேவையில்லை என்று பட்டால் பத்திரத்தையே ரத்து செய்யவும் முடியும். இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை.

முத்து செய்திருக்க வேண்டியது இதுதான். பஸ் ஏறுவதற்கு முன் அலுவலரைப் பார்த்து, கம்பெனி பெயர், தங்கப்போகும் முகவரி, போன் நம்பர் எழுதிய கடிதம் ஒன்றைக் கொடுத்திருக்க வேண்டும். ஒருவர் வேறு மாவட்டத்துக்குப் போனால் உத்தரவில் உள்ள அலுவலருக்குப் பதில் வேறு அலுவலரை நியமிக்கச் சட்டம் இடம் தருகிறது. வேலையும் போயிருக்காது, பத்திரமும் தப்பியிருக்கும்.

எப்படிச் சொல்வது? வாய்வார்த்தை போதாது. இரண்டு பிரதி எழுதி, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் தேதியோடு கையெழுத்து அல்லது சீல் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் முடியாவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைக் கடித நகலோடு குத்தி வையுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது கூடுதல்தான், கடிதத்துக்கு மாற்று இல்லை. அலுவலர் மாறிப் புதியவர் வரும்போது அவருக்கு உங்களைத் தெரியாது, கோப்பைத்தான் தெரியும்.

இரண்டு சங்கடமான தகவல்கள் உண்டு. ஒன்று, புது வழக்கில் பெயர் சேர்வது. எஃப்.ஐ.ஆர். போட்டாலே குற்றவாளி ஆகிவிடுவதில்லை, ஆனால் மறைத்தது பின்னால் தெரிந்தால் நம்பிக்கை போய்விடும். முதலில் வக்கீலிடம் பேசிவிட்டு, "இன்ன ஸ்டேஷனில் இன்ன வழக்கு" என்ற அளவில் தெரிவித்தால் போதும். நடந்த கதையை எல்லாம் அங்கே ஒப்பிக்க வேண்டியதில்லை. இன்னொன்று, ஜாமீன்தாரர் இறந்துபோவது அல்லது விலகுவது. துக்க வீட்டில் இது யாருக்கும் தோன்றாது. ஆனால் நீதிமன்றம் வேறு ஜாமீன் கேட்கும் என்பதால் காரியங்கள் முடிந்ததும் வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும்.

சுருக்கமாக: தெரிவிக்க வேண்டியவை, அனுமதி கேட்க வேண்டியவை, நீதிமன்றம் மாற்ற வேண்டியவை என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் எழுத்தில், தேதியோடு.

மீறினால் என்ன ஆகும்?

நேராகச் சிறைதான் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அப்படி இல்லை. 9ஆம் பிரிவின்படி, மீறல் பற்றித் தகவல் வந்தால் நீதிமன்றம் சம்மன் அல்லது வாரண்ட் அனுப்பி வரவழைக்கும். விசாரணை முடியும்வரை காவலில் வைக்கலாம், ஜாமீனிலும் விடலாம். உங்கள் பக்கத்தைக் கேட்க வேண்டும். சீல் வைத்த அந்தக் கடித நகல் உதவுவது இங்கேதான்.

மீறியது உறுதியானால் இரண்டு வழி. டிராயரைத் திறந்து, பழைய குற்றத்துக்கான தண்டனையை அறிவிக்கலாம். முதல் தடவை மீறல் என்றால் பத்திரத்தைத் தொடரவிட்டு அபராதம் மட்டும் போடலாம். எவ்வளவு தெரியுமா? அதிகபட்சம் 50 ரூபாய். 1958இல் எழுதிய தொகை. டீக்கும் வடைக்கும் ஆகிற காசு என்று சிரித்துவிட்டுக் கட்டாமல் விட்டுவிடாதீர்கள். கொடுத்த கெடுவுக்குள் அதைக் கட்டாவிட்டால் பழைய குற்றத்துக்கே தண்டனை தரலாம் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

வேலை விண்ணப்பத்தில் என்ன எழுதுவது?

"குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா?" என்ற கட்டத்தில் பேனா நிற்கும். 12ஆம் பிரிவு ஒரு பாதுகாப்பு தருகிறது: குற்றத் தீர்ப்பு ஒன்றினாலேயே ஏதாவது சட்டப்படி தகுதியிழப்பு வருமானால், புரபேஷனில் விடப்பட்டவருக்கு அது வராது. இதை வைத்து, "ரெக்கார்டே இல்லை, எல்லாம் அழிஞ்சிடும்" என்று சொல்லித் தேற்றுகிறார்கள். அழியாது. தீர்ப்பு தீர்ப்பாகவே இருக்கிறது, அரசு ஊழியர்மீது அதன் அடிப்படையில் துறை நடவடிக்கை எடுக்கலாம் என்று 1975லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைக்குச் சேருபவர் கைது, வழக்கு, தீர்ப்பு பற்றித் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும், மறைக்கக் கூடாது என்று 2016இல் அதே நீதிமன்றம் சொன்னது. ஆகவே கேட்டால் உள்ளதை எழுதி, புரபேஷனில் விடப்பட்டதையும் சேர்த்து எழுதுவதுதான் சரி.

இந்தப் பாதுகாப்புக்கும் ஒரு நூல் கட்டியிருக்கிறது. நிபந்தனையை மீறி, பழைய குற்றத்துக்காகவே பின்னால் தண்டனை வாங்கினால் 12ஆம் பிரிவின் பலனும் போய்விடும்.

கடைசி நாள்

காலம் முடியும் நாளில் விழா எதுவும் கிடையாது. அன்றோடு, பழைய குற்றத்துக்காகக் கூப்பிட்டுத் தண்டனை சொல்லும் உரிமை அந்தப் பத்திரத்தில் முடிகிறது. ஆனாலும் அதற்குச் சில நாள் முன்பே அலுவலரைப் பார்த்து, கோப்பில் எதுவும் நிலுவை இல்லையே என்று கேட்டுக்கொள்ளுங்கள். இழப்பீட்டில் ஒரு தவணை பாக்கி என்பது அப்போதுதான் தெரியவரும். தீர்ப்பு நகல், உத்தரவு நகல், கட்டிய ரசீதுகள், சீல் வைத்த கடிதங்கள் எல்லாவற்றையும் ரேஷன் கார்டு இருக்கும் கவரிலேயே போட்டு வைத்துவிடலாம். ஐந்தாறு வருடம் கழித்து ஒரு வேலைக்காகப் போலீஸ் விசாரணை வரும்போது, பீரோவில் முதலில் கை போகிற கவர் அதுதான்.